ட்ரைவ்வேக்குத் தார் போட ஆள் பிடிக்கிறீர்களா? ரொறன்ரோப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் போதும், ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், அஜாக்ஸ் என்று எங்கள் சனம் இருக்கிற பக்கமெல்லாம் தெருவுக்கு ஒரு தார் லொறி நிற்கும். பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள், நாங்களும் போட்டுவிட வேண்டும் என்ற அவசரமும் கூடவே வரும். கீழே இருப்பவை ஒன்ராறியோவில், முக்கியமாக ரொறன்ரோவைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். வேறு மாகாணத்தில் இருந்தால் சட்டம் பற்றிச் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். மண், தண்ணீர், தார் பற்றியவை பனி விழும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூன்றும் மூன்று விதம், ஒன்று மற்றதில் பாதி. யார் ஏமாற்றுகிறார்?

யாருமே ஏமாற்றாமல் இருக்கலாம். மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். ஒருவர் பழைய தாரைக் கிளப்பி எடுத்து, கீழே தோண்டி, புதுச் சல்லி கொட்டி இறுக்கி, அதன்மேல் மூன்று அங்குலம் தார் போடுவதற்குச் சொன்னார். இன்னொருவர் தாரை மட்டும் எடுத்து, இருக்கிற சல்லியை மட்டப்படுத்தி, இரண்டு அங்குலம் போடுவதற்கு. மூன்றாமவர் பழையதின் மேலேயே ஒரு படை. வேலை முடிந்த அன்று பின்னேரம் மூன்றும் ஒரே கறுப்பாக, ஒரே வடிவாகத்தான் இருக்கும். இரண்டாவது மூன்றாவது வின்டர் போனபிறகுதான் எது எது என்று தெரியும், அதற்குள் சிலருடைய தொலைபேசி எண்ணே மாறியிருக்கும்.

ஆகவே விலையை ஒப்பிடுவதற்கு முதல் வேலையை ஒப்பிடுங்கள். நீங்கள் காசு கொடுப்பதில் பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கீழே போகிற பகுதிக்கு. இந்தப் பக்கத்தில் இருக்கிற மற்ற எல்லாப் பதிலும் இதற்குள் வந்துதான் முடியும்.

சல்லி ஏன் இவ்வளவு முக்கியம்? மேலே தார் தடிப்பாக இருந்தால் போதாதா?

போதாது. ரொறன்ரோப் பக்கம் பல இடங்களில் நிலம் களிமண். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், குளிருக்கு அந்தத் தண்ணீர் உறைந்து உப்பி மேலே இருப்பதைத் தூக்கும், பிறகு மார்ச் மாதத்தில் உருகிக் கூழாகும்போது உங்கள் வான் அதன்மேல் ஏறி நிற்கும். தார் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கீழே தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் வளையும், வெடிக்கும். இங்கே நிலம் சுமார் 1.2 மீற்றர் ஆழம் வரை உறையும் என்று வைத்துத்தான் வீட்டு அத்திவாரத்தையே போடுகிறார்கள். ட்ரைவ்வேக்கு யாரும் நாலடி தோண்டப் போவதில்லை. அதனால் உறைவதைத் தடுக்க முடியாது, உறைவதற்கு அங்கே தண்ணீர் நிற்காமல் பார்க்கத்தான் முடியும். கிரனுலர் ஏ என்ற உடைத்த சல்லி செய்கிற வேலை அதுதான்: பாரத்தையும் தாங்கும், தண்ணீரையும் வடிய விடும். இறுக்கிய பிறகு ஆறிலிருந்து எட்டு அங்குலம் இருக்க வேண்டும், நிலம் மிகவும் மெதுவாக இருந்தால் இன்னும் கூட. ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மேலால் ஒரு தரம் ரோலர் ஓட்டினால் அடியில் இருப்பது இறுகாது, படை படையாகத்தான் இறுக்க வேண்டும்.

குவோட்டில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

"ட்ரைவ்வே தார் போடுதல், உத்தரவாதம் உண்டு" என்று ஒரு வரியும் அடியில் ஒரு தொகையும் இருந்தால் அது குவோட் இல்லை. எத்தனை சதுர அடி, பழையதை யார் அகற்றி எங்கே கொண்டு போவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது, என்ன சல்லி எத்தனை அங்குலம், என்ன வகைத் தார் எத்தனை அங்குலம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், தொடங்கும் நாள், முடியும் நாள், காசு எப்போது எவ்வளவு, எச்.எஸ்.ரி. (13 சதவீத விற்பனை வரி) உள்ளேயா வெளியேயா, உத்தரவாதம் எத்தனை வருடம் எதற்கு. இவ்வளவும் வேண்டும்.

அங்குலத்துக்குப் பக்கத்தில் "இறுக்கிய பிறகு" என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். கொட்டும்போது இரண்டரை அங்குலம் இருக்கிற தார் ரோலர் ஓடி முடிய ஏறக்குறைய இரண்டாகிவிடும். "மூன்று அங்குலம் போடுறன் அண்ணை" என்று வாயால் சொல்லும்போது அது எந்த மூன்று என்று இரண்டு பேருக்கும் வேறு வேறு நினைப்பு இருக்கும், சண்டை தொடங்குவதே அங்கேதான்.

ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை என்று ஒன்று எழுதியிருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. இடையில் நீங்களே புதிதாக வேலை சேர்த்து அதற்குச் சம்மதித்தால் அது வேறு கதை.

எச்எல்-3, எச்எல்-8 என்கிறார்களே, எது வேண்டும்?

இரண்டும் தார்க் கலவையின் வகைகள். எச்எல்-8 பெரிய கல் கலந்தது, அடியில் போடும் படைக்கு. எச்எல்-3 அதைவிடச் சிறிய கல், மேல்படைக்கு. எச்எல்-3 ஃபைன் இன்னும் நைசானது, பார்க்க வழுவழுப்பாக இருப்பதால் வீடுகளுக்குப் பலர் விரும்புவார்கள். சாதாரண வீட்டுக்கு எச்எல்-3 ஒரே படையாக இரண்டரை மூன்று அங்குலம் போடுவதும் உண்டு, கீழே எச்எல்-8 மேலே எச்எல்-3 என்று இரண்டு படையாகப் போடுவதும் உண்டு. பாரமான வாகனம் நிறுத்துபவர்கள் இரண்டு படைக்குப் போவது நல்லது. பெயரைவிட அது எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

சொன்ன அளவு தார் போட்டார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? தோண்டியா பார்ப்பது?

தோண்டத் தேவையில்லை, நிறுவைச் சீட்டைக் கேளுங்கள். தார் ஆலையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு லொறிக்கும் எத்தனை தொன், என்ன கலவை என்று எழுதிய சீட்டு இருக்கும்.

கணக்கு லேசானது. இறுக்கிய தார் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 2.4 தொன். ஆறு மீற்றர் அகலம், பன்னிரண்டு மீற்றர் நீளம் என்றால் 72 சதுர மீற்றர், இரண்டு கார் கராஜ் வீட்டுக்கு ஒரு நடுத்தர அளவு. அதில் மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர், போட 5.4 கன மீற்றர் வேண்டும், நிறையில் சுமார் 13 தொன். இரண்டு அங்குலம் என்றால் எட்டரை தொன்தான் வரும். மூன்று அங்குலத்துக்குக் காசு வாங்கியவரின் சீட்டில் ஒன்பது தொன் இருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்க உங்களுக்கு வாயும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. ஒரே லொறியில் இரண்டு வீட்டுக்குக் கொண்டு வருவதும் நடக்கும், அப்படியென்றால் அதையும் முதலே சொல்லியிருக்க வேண்டும். சீட்டைக் காட்டச் சம்மதமா என்று குவோட் கேட்கும்போதே கேட்டு விடுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

பழையதின் மேலேயே ஒரு படை போட்டால் மலிவாக முடிகிறதே?

சில வீட்டுக்குச் சரி. பழைய தார் இறுக்கமாக இருக்கிறது, நிறம்தான் வெளிறிவிட்டது, அங்கங்கே மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் மேல்படை போடலாம். ஆனால் முதலைத் தோல் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருக்கிறது, சக்கரம் ஓடும் இடம் பள்ளமாகிவிட்டது என்றால் கோளாறு அடியில். மேலே எதைப் போட்டாலும் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வெடித்து மேலே வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். மேலே இரண்டு அங்குலம் ஏற்றினால் ட்ரைவ்வே கராஜ் தரையைவிட உயர்ந்துவிடலாம், மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே. கராஜ் தரை எப்போதும் சற்று உயரத்தில் நிற்க வேண்டும், அங்கிருந்து தெருவுக்கு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவு சரிவு வேண்டும். கூரைப் பீலித் தண்ணீர் ட்ரைவ்வேயின் குறுக்கே ஓடுகிறதென்றால் அதையும் இதே கையோடு திருப்பி விடுங்கள், ஜனவரியில் அந்த இடம்தான் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும்.

"பக்கத்துத் தெருவில் வேலை முடிந்தது, தார் மிஞ்சிவிட்டது, அரை விலைக்குப் போட்டுத் தாறம்" என்று கதவைத் தட்டுகிறார்கள். எடுக்கலாமா?

கதவைச் சாத்துங்கள். தார் ஆலையிலிருந்து ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் சூட்டில் வருகிறது, 80 பாகைக்குக் கீழே ஆறிவிட்டால் ரோலர் எவ்வளவு ஓடினாலும் இறுகாது. கணக்குப் பார்த்து வாங்குகிற கொன்ராக்டருக்கு ஒரு முழு ட்ரைவ்வேக்குப் போதுமான தார் மிஞ்சுவதே இல்லை. மிஞ்சியது உண்மையென்றாலும் அது ஆறிக்கொண்டிருக்கும் தார், அடியில் தோண்டிச் சல்லி போட அவர்களுக்கு நேரமும் இல்லை. இது வட அமெரிக்கா முழுவதும் பல வருடங்களாக நடக்கும் பழைய விளையாட்டு. வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறார்கள், அம்மா அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

2018 மார்ச்சில் ஒன்ராறியோ சில பொருட்களை வீடு வீடாக விற்பதைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் வடிகட்டி எல்லாம் உண்டு, ட்ரைவ்வே வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். வாயால் சொன்னால் பிறகு நிரூபிக்க முடியாது, எழுத்தில் அனுப்புங்கள்.

காசாகத் தந்தால் வரி இல்லை என்கிறார். தெரிந்த ஆள்தான்.

தெரிந்த ஆள்தான், கோயிலில் காணுகிற ஆள்தான், உங்கள் மச்சானின் வீட்டுக்கும் போட்டவர்தான். எல்லாம் சரி. 13 சதவீதம் மிஞ்சுவது உங்களுக்கு, ஆனால் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை, வழக்குப் போடக் கையில் துண்டும் இல்லை. அதோடு தெரிந்த ஆளிடம் பிழை பிடிக்க வாய் வராது, மூன்று வருடம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு அவரோடு சிரித்துக் கதைக்க வேண்டியிருக்கும். எங்கள் ஆட்களிடமே கொடுங்கள், நல்ல வேலைகாரர் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் அந்நியரிடம் கேட்கிற அத்தனை கேள்வியையும் அவரிடமும் கேளுங்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

10 சதவீதம். பாதிக் காசு முதலில் கேட்பவருக்குத் தார் ஆலை கடனுக்குத் தராமல் இருக்கலாம், ஆலையே நம்பாதவரை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? சல்லி போட்டு இறுக்கிய பிறகு ஒரு பகுதி, தார் போட்டு முடிந்ததும் பெரும்பகுதி என்று பிரிப்பது நியாயமானது. கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து 60 நாள் போனபிறகு கொடுக்கும் ஏற்பாடும் ஒன்ராறியோவில் இருக்கிறது. உங்கள் கொன்ராக்டர் லொறிக்காரருக்கோ சல்லிக்காரருக்கோ காசு கொடுக்காமல் விட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரலாம், அதற்கான பாதுகாப்பு அது. சின்ன வேலைகளில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் தொகை பெரிதென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டுமா?

ஆம். ரொறன்ரோவில் ட்ரைவ்வே போடுகிற தொழிலுக்கு மாநகரசபை லைசன்ஸ் இருக்கிறது, 311-க்கு அழைத்துச் சரிபார்க்கலாம். பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தில் முடிவு திகதியைப் பாருங்கள். முப்பது தொன் சல்லியும் பதின்மூன்று தொன் தாரும் ஏற்றிய லொறிகள் உங்கள் வாசலில் ஏறி இறங்கும், நடைபாதைக் கொங்கிறீற் உடைந்தால் அது நகரத்தின் சொத்து, பில் வந்தால் யார் கட்டுவது?

அகலமாக்க வேண்டும். பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கும் கார் இருக்கிறது. பெர்மிட் வேண்டுமா?

இங்கேதான் அதிகம் பேர் அகப்படுகிறார்கள். எவ்வளவு அகலம், முற்றத்தில் எவ்வளவு புல்லும் செடியும் மிஞ்ச வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நகரத்துக்கும் தனிச் சட்டம், மார்க்கத்தில் சரி என்றது பிரம்ரனில் சரிவராது. "எல்லாரும் செய்யினம், ஒன்றும் நடக்காது" என்று கொன்ராக்டர் சொல்வார். நோட்டீஸ் வருவதும் உடைத்துப் பழையபடி புல் போட வேண்டி வருவதும் உங்களுக்கு. நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற துண்டு நீங்கள் பனி அள்ளினாலும் நகரத்தின் காணிதான், தெருவோரக் கட்டை வெட்டுவதென்றால் நகரத்திடம் கேட்டே ஆக வேண்டும். ரொறன்ரோவில் உங்கள் வளவு மரமாக இருந்தாலும் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் வேரைக் காயப்படுத்தவே அனுமதி வேண்டும், தெரு மரத்துக்கு அளவே பார்ப்பதில்லை.

தோண்டுவதற்கு முன் காஸ் லைன் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவையை, நிலத்தடியில் எது எங்கே போகிறது என்று கோடு போட்டுக் காட்ட ஒழுங்கு செய்வார்கள். இலவசம், சட்டப்படி கட்டாயம், குறைந்தது ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே கேட்க வேண்டும். தோண்டுகிறவர்தான் கேட்க வேண்டும், ஆகவே கொன்ராக்டரின் பொறுப்பு, ஆனால் புல்லில் மஞ்சள் கோடு (காஸ்), சிவப்புக் கோடு (மின்சாரம்), செம்மஞ்சள் கோடு (தொலைபேசி, இன்ரநெற்) வராமல் இயந்திரத்தை இறக்க விடாதீர்கள். இன்ரநெற் வயர் பல வீடுகளில் மண்வெட்டி படுகிற ஆழத்தில்தான் கிடக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடு வரை. நவம்பரில் மலிவாகச் செய்து தருவார்கள், ஆனால் குளிர்ந்த தரையில் விழுந்த மெல்லிய தார் ரோலர் வர முதலே ஆறிவிடும். மழை நாளில் வந்து நின்றால் திருப்பி அனுப்புங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

வேலை நடக்கும் நாளில் நான் நிற்க வேண்டுமா?

நில்லுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள். முக்கியமாகச் சல்லி போட்டு முடிந்த நேரம், தார் கொட்ட முதல். அந்த நேரத்தில்தான் எல்லாம் திறந்து கிடக்கும், ஒரு ரேப்பை வைத்து ஆழத்தைப் பாருங்கள், ஒரு படம் எடுங்கள். காலால் அழுத்தி நடந்தால் சல்லி அசையக் கூடாது. தண்ணீர் வால்வின் மூடி ட்ரைவ்வேக்குள் இருந்தால் புது மட்டத்துக்கு உயர்த்தி விட்டார்களா என்று பாருங்கள், தாருக்குள் புதைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, பிறகு பைப் வெடிக்கிற இரவில் தேட வேண்டியதுதான். தாரை இறுக்க ரோலர் வர வேண்டும், கையால் தள்ளுகிற பிளேற் இயந்திரம் ஓரத்துக்கும் மூலைக்கும் மட்டும். ஓரங்களைச் சரிவாக அடித்து இறுக்குவார்கள், பிறகு நீங்கள் அந்த ஓரத்துக்கு மண் அணைத்து விடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் ஏறி ஏறி விளிம்பு உடையும்.

எப்போது கார் விடலாம்?

நடப்பது அடுத்த நாள், கார் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள், கடும் வெயில் என்றால் ஒரு கிழமை. முதல் கோடை முழுவதும் தார் மெதுவாகத்தான் இருக்கும். நின்ற இடத்தில் ஸ்ரியரிங்கைச் சுழற்றாதீர்கள், வின்டர் ரயர் மாற்ற ஜாக் வைத்தால் கீழே பலகை வையுங்கள். பிறந்தநாளுக்கு ட்ரைவ்வேயில் ரென்ற் அடித்துக் கதிரை போடுகிற வீடு என்றால் அந்த வருடம் பின்வளவில் வைத்துக்கொள்ளுங்கள், மடிக்கிற கதிரையின் மெல்லிய கால் அப்படியே இறங்கிவிடும். பெற்றோலும் எஞ்சின் ஒயிலும் தாரைக் கரைக்கும், சிந்தினால் உடனே துடைத்துச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள்.

சீல் செய்வது (தாரின் மேல் சீலர் என்ற பூச்சுப் பூசுவது) அவசியமா? போட்ட அடுத்த மாதமே ஒருவர் கேட்டு வந்தார்.

அந்த வருடம் வேண்டாம். அடுத்த கோடையில் பாருங்கள், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வெடிப்பு இருந்தால் முதலில் வெடிப்பை நிரப்ப வேண்டும், சீலர் அதை மறைக்கும், மூடாது. வருடா வருடம் அடித்தால் படை தடித்துத் தோல் மாதிரி உரியும்.

புது வீடு. பில்டர் ஒரு படைதான் போட்டிருக்கிறார், மேல்படைக்கு ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறார். ஏமாற்றா?

இல்லை, அதுதான் சரியான முறை. அத்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் ஒன்றிரண்டு வின்டர் போனபிறகுதான் அமரும், கராஜ் வாசலில் பள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நிரப்பிவிட்டு மேல்படை போடுவார்கள். நீங்கள் அவசரப்பட்டு வேறு ஆளை வைத்துப் போட்டால் பில்டர் கையை விரித்துவிடுவார்.

அடுத்த வசந்தத்தில் வெடித்துவிட்டது, போன் எடுக்கிறார் இல்லை. என்ன செய்வது?

முதலில் அது கோளாறா என்று பாருங்கள். ரோலர் கோடும் ரயர் தேய்த்த அடையாளமும் கோளாறில்லை, காலத்தோடு மறையும். மழை விட்டு ஒரு நாளாகியும் தண்ணீர் குளமாக நிற்கிறது, சக்கரப் பாதை இறங்கிவிட்டது, கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது என்றால் கோளாறு. திகதியோடு படம் எடுங்கள், பள்ளத்தில் ஒரு அடிமட்டத்தை நிறுத்தி ஆழம் தெரிய எடுங்கள். உத்தரவாதம் குறைந்தது ஒரு வின்டராவது தாண்ட வேண்டும் என்பது இதற்காகத்தான், மே மாதம் போட்டு "ஆறு மாத உத்தரவாதம்" என்றால் அது நவம்பரோடு முடிந்துவிடும். என்ன பிழை, ஒப்பந்தத்தின் எந்த வரி, எந்தத் திகதிக்குள் திருத்த வேண்டும் என்று எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்யலாம், ரொறன்ரோ லைசன்ஸ் உள்ளவர் என்றால் நகரத்திடமும். காசைத் திருப்பி எடுப்பதற்குச் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது, வீட்டு ட்ரைவ்வே அளவுத் தொகை அதன் எல்லைக்குள் வரும், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். அங்கே கேட்கப்போவது ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, நிறுவைச் சீட்டு, சல்லி போட்ட அன்று எடுத்த அந்தப் படம். திருத்த எவ்வளவு செலவாகும் என்று வேறு இரண்டு கொன்ராக்டரிடம் எழுத்தில் வாங்கி அதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.